போன் மாற்றும் முன்: ஓர் உழவனின் கணக்கு



நம் மாதக் கூட்டத்தில் விதை, மீன் அமிலம், பூச்சி விரட்டி என்று பேசி முடித்து டீ குடிக்கும் நேரத்தில், யாராவது ஒருவர் என்னிடம் வந்து, "சார், போன் மாத்தணும், எதை வாங்கலாம்?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. 31 ஆண்டு வங்கியில் வேலை பார்த்தவன் என்பதால் பணம் சம்பந்தப்பட்ட எதைக் கேட்டாலும் எனக்குத் தெரியும் என்று ஒரு நம்பிக்கை. 2018-ல் வாங்கிய என் பழைய போனை மாற்ற வேண்டிய நிலை எனக்கும் வந்தது. அப்போது விசாரித்துத் தெரிந்துகொண்டதையும், வங்கியில் இருந்தபோது பார்த்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

விவசாய இதழில் போனுக்கு என்ன வேலை என்று நினைக்காதீர்கள். எங்கள் போளூர் பக்கத்து நிலத்தில் விளைகிற அரிசி, மல்லாட்டை எண்ணெய், காய்கறி எல்லாம் 60-க்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு நேரடியாகப் போகிறது. ஆர்டர் வருவது வாட்ஸ்அப்பில். பணம் வருவது யுபிஐயில். இடைத்தரகர் இல்லாமல் விற்க முடிகிறது என்றால் அதற்கு இந்தப் போன் ஒரு முக்கியக் காரணம். அது ஒரு வாரம் படுத்துக்கொண்டால் பறித்த கத்தரிக்காய் மண்டிக்குத்தான் போகும், மண்டிக்காரர் சொல்வதுதான் விலை. மண்வெட்டி, தெளிப்பான் மாதிரி இதுவும் இப்போது நமக்கு ஒரு கருவி. கருவியை வாங்குகிற மாதிரியே யோசித்து வாங்க வேண்டும்.

மாற்றத்தான் வேண்டுமா?

முதல் கேள்வி இதுதான். வெளி இடுபொருளைக் குறைப்பது நம் கொள்கை. போன் முழுக்க முழுக்க வெளி இடுபொருள். அதன் பேட்டரிக்கு வேண்டிய கோபால்ட்டில் பாதிக்கு மேல் காங்கோ நாட்டுச் சுரங்கங்களில் இருந்து வருகிறது. அங்கே குழந்தைகள்கூட வேலை செய்வதாகப் பல ஆண்டுகளாகச் செய்திகள் வருகின்றன. ஒரு போன் தன் ஆயுளில் உண்டாக்கும் கரியமில வாயுவில் பெரும்பகுதி அதைச் செய்யும்போதே வெளியாகிவிடுகிறது, நாம் சார்ஜ் போடுவதால் வருவது கொஞ்சம்தான். ஆக, இருக்கிற போனை இன்னும் இரண்டு வருடம் ஓட்டுவதுதான் இயற்கை வழி.

போன் மெதுவாகிவிட்டது, சார்ஜ் நிற்கவில்லை என்கிறவர்களில் பல பேருக்கு பேட்டரி மாற்றினாலே போதும். லித்தியம் பேட்டரி சில நூறு தடவை முழுசாக ஏறி இறங்கியதும் வலு குறைந்துவிடும், அது இயல்பு. நான் 2022-ல் என் பழைய போனுக்கு பேட்டரி மாற்றினேன். 1,200 ரூபாய் ஆனது, மேலே மூன்று வருடம் ஓடியது. நினைவகம் நிரம்பியிருந்தாலும் போன் திணறும். வாட்ஸ்அப்பில் வருகிற காலை வணக்கப் படங்களையும் வீடியோக்களையும் அழித்துப் பாருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

அப்படியானால் எப்போது மாற்ற வேண்டும்? நான் மூன்று அடையாளம் வைத்திருக்கிறேன்.

ஒன்று, பாதுகாப்பு. போனின் அமைப்புகளுக்குள் போய், 'போனைப் பற்றி' என்ற இடத்தில் பாதுகாப்புப் புதுப்பிப்பு கடைசியாக எந்த மாதம் வந்தது என்று பாருங்கள். அது மூன்று நான்கு வருடம் பழையதாக இருந்தால், அந்தப் போனில் வங்கிக் கணக்கை வைத்திருப்பது கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாமல் தூங்குவது மாதிரி. இரண்டு, வங்கிச் செயலியே 'இந்த ஆண்ட்ராய்டில் இயங்காது' என்று சொல்லிவிடுவது. எனக்கு நடந்தது இதுதான். வாட்ஸ்அப்பும் 2025 தொடக்கத்தில் இருந்து ஆண்ட்ராய்டு 5-க்குக் கீழே உள்ள போன்களில் வேலை செய்வதில்லை. மூன்று, பேட்டரி உப்பி, பின்மூடி மேலே தூக்கிக்கொண்டு நிற்பது. உப்பிய பேட்டரியோடு ஒரு நாள்கூட ஓட்டக் கூடாது, தீப்பிடிக்கும்.

இந்த மூன்றும் இல்லையென்றால் புதுசு வாங்காதீர்கள், பணத்தைக் கையில் வையுங்கள்.

வயலுக்கு ஏற்ற போன் எது?

நகரத்துக்காரர் பார்ப்பது வேறு, நாம் பார்க்க வேண்டியது வேறு. எனக்கு முக்கியமாகப் பட்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் சிக்னல். எவ்வளவு விலை போன் ஆனாலும் கிணற்று மேட்டில் சிக்னல் இல்லையென்றால் அது டார்ச் லைட்தான். உங்கள் நிலத்தில் எந்த நிறுவனத்தின் சிக்னல் நன்றாக எடுக்கிறது என்று அக்கம்பக்கத்து நிலத்துக்காரர்களின் போனை வைத்துப் பாருங்கள். கோடுகளை மட்டும் நம்ப வேண்டாம். 'சிம் நிலை' என்ற பக்கத்தில் டிபிஎம் என்று ஓர் எண் மைனஸில் இருக்கும். மைனஸ் 90 பக்கம் இருந்தால் நல்லது. மைனஸ் 115-ஐத் தொட்டால் பேச்சு விட்டு விட்டுத்தான் கேட்கும்.

சிக்னலில் இன்னொரு விஷயம் அலைவரிசை. குறைந்த அலைவரிசை தூரம் போகும், சுவரையும் தோப்பையும் ஊடுருவும். 700 மெகாஹெர்ட்ஸ் அப்படிப்பட்டது. 4ஜியில் அதற்குப் பெயர் பேண்ட் 28, 5ஜியில் என் 28. ஜியோ 5ஜிக்கும், பிஎஸ்என்எல் 4ஜிக்கும் இதைப் பயன்படுத்துகின்றன. டவருக்குத் தூரத்தில் நிலம் இருப்பவர்கள், வாங்கப்போகும் போனின் விவரப் பட்டியலில் இந்த 28 இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். ஊரில் 5ஜி டவரே இல்லையென்றால் 5ஜிக்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் ஐந்து வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் விலையில் பெரிய வித்தியாசம் இல்லாதபோது 5ஜி எடுப்பது நல்லது.

இரண்டு சிம் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கணும். சில போனில் இரண்டாவது சிம் போடும் இடமும் மெமரி கார்டு போடும் இடமும் ஒன்றுதான். இரண்டில் ஒன்றைத்தான் போட முடியும். கடையில் தட்டை வெளியே எடுத்துக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

அடுத்தது பேட்டரி. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழை எங்கள் மாவட்டத்தை எப்படிப் புரட்டியது என்று உங்களுக்குத் தெரியும். சாத்தனூர் அணையில் இருந்து தென்பெண்ணையில் ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறந்தார்கள். எங்கள் ஊரில் மின்சாரம் இல்லை. என் பழைய போன் அரை நாள்கூடத் தாங்கவில்லை. அந்த நேரத்தில் வருகிற ஓர் எச்சரிக்கை மாட்டையும் மனுசனையும் காப்பாற்றும். 5,000 எம்ஏஎச் என்பது இப்போது சாதாரண அளவு, 6,000-க்கு மேலும் கிடைக்கிறது. நமக்குப் பெரிய பேட்டரிதான் சரி. அரை மணியில் சார்ஜ் ஆகும் என்கிற விளம்பரம் நமக்கு அவ்வளவு முக்கியமில்லை. வேகமாக ஏற்றினால் சூடும் அதிகம், பேட்டரிக்குச் சூடு ஆகாது. வெயிலில் டிராக்டர் பானெட் மேல், மோட்டார் கொட்டகைத் தகரத்து மேல் போனை வைக்கிற பழக்கத்தையும் விட வேண்டும்.

மூன்றாவது, வெயிலில் திரை தெரிகிறதா என்பது. கடைக்குள் ஏசியில் எல்லாத் திரையும் பளிச்சென்று இருக்கும். போனை வாங்கி, கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, வாசலுக்கு வந்து உச்சி வெயிலில் பாருங்கள். "எதுக்கு சார் வெளியே போறீங்க?" என்று கடைப் பையன் கேட்டான். "தம்பி, நான் வேலை செய்யற இடம் வெளியதான்" என்றேன். விவரப் பட்டியலில் திரையின் வெளிச்சத்தை 'நிட்ஸ்' என்று போட்டிருப்பார்கள். 1,000 நிட்ஸ் பக்கம் இருந்தால் வயலில் படிக்க முடியும்.

நான்காவது, தண்ணீரும் தூசியும். ஐபி என்ற எழுத்துக்குப் பின்னால் இரண்டு எண் இருக்கும். முதல் எண் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. ஐபி 54 என்றால் தூசியும் தெறிக்கும் தண்ணீரும் தாங்கும். ஐபி 67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும். இதெல்லாம் சோதனைக் கூடத்தில் நல்ல தண்ணீரில் பார்த்தது. பஞ்சகவ்யா டிரம்மில் விழுந்தால் என்ன ஆகும் என்று எந்த நிறுவனமும் சோதித்ததில்லை. தண்ணீர் புகுந்து பழுதானால் வாரண்டியும் பெரும்பாலும் கிடையாது. நமக்கு ஐபி 54-ஆவது இருக்கட்டும், கூடவே நல்ல தடித்த உறையும் போடுங்கள்.

ஐந்தாவது, கைரேகை. இது நம்மைப் போன்றவர்களுக்கே உள்ள சங்கடம். மண்ணிலும் சாணத்திலும் வேலை செய்து ரேகை தேய்ந்துபோன விரலைப் போன் அடையாளம் காண்பதில்லை. ரேஷன் கடையில் படுகிற அதே பாடு. கடையிலேயே உங்கள் விரலைப் பதிந்து, பத்துத் தடவை திறந்து பாருங்கள். வலது கைக் கட்டை விரலை விட, வேலையில் குறைவாகத் தேய்கிற இடது கை விரல் ஒன்றைப் பதிவது நல்லது. ஒரே விரலை இரண்டு தடவை பதிந்து வைத்தாலும் எளிதாகத் திறக்கும். அப்படியும் திறக்காவிட்டால் ஆறு இலக்க எண் போதும். பிறந்த தேதியை மட்டும் வைக்காதீர்கள்.

கேமராவைப் பற்றி ஒரு வார்த்தை

"சார், இதுல 50 மெகாபிக்சல், மூணு கேமரா" என்பார்கள். அந்த மூன்றில் ஒன்றுதான் உருப்படியானது. மற்ற இரண்டும் பல மலிவு போன்களில் 2 மெகாபிக்சல், பேருக்கு இருக்கும். நமக்குக் கேமரா எதற்கு? இலைப்பேனையும் அசுவினியையும் படம் எடுத்து முன்னோடி உழவருக்கு அனுப்ப. சான்றளிப்புக்கு வயல் படம் வைக்க. வாடிக்கையாளருக்குக் காய் காட்ட. ஒரு வெண்டை இலையைக் கடைக்கு எடுத்துக்கொண்டு போய், அதன் நரம்பைக் கிட்டத்தில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். மங்காமல் தெரிந்தால் போதும். பத்து மடங்கு காட்டும் சின்ன கைலென்ஸை முன்னால் பிடித்து எடுத்தால் பூச்சியின் கால்கூடத் தெரியும். அதற்குச் சில நூறு ரூபாய்தான் செலவு.

ஒன்றில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். இப்போது வரும் போன்கள், செடியைப் படம் எடுத்தால் தாமாகவே பச்சையைக் கூட்டிக் காட்டும். கல்யாணப் போட்டோவுக்கு அது அழகு. தழைச்சத்து குறைந்து வெளுத்த இலையைக் காட்டி ஆலோசனை கேட்கும்போது, மறுமுனையில் இருப்பவருக்கு அது செழிப்பான பயிராகத் தெரியும். கேமரா அமைப்பில் 'ஏஐ' அல்லது காட்சி மேம்பாடு என்று இருப்பதை அணைத்துவிட்டுப் படம் எடுங்கள்.

எண்களில் ஏமாறாமல் இருக்க

'8 ஜிபி ரேம்' என்று பெரிதாகப் போட்டு, கீழே சின்ன எழுத்தில் '4 கூட்டல் 4' என்று போட்டிருந்தால், உண்மையான ரேம் 4 தான். மீதி 4 நினைவகத்தில் இருந்து கடன் வாங்குவது, வேகம் வராது. இன்றைய நிலையில் 6 ஜிபி ரேம், 128 ஜிபி நினைவகம் என்றால் நம் வேலைக்குத் தாராளம்.

எல்லாவற்றையும் விட முக்கியமான எண்ணை யாரும் அட்டையில் பெரிதாகப் போடுவதில்லை. எத்தனை வருடம் பாதுகாப்புப் புதுப்பிப்பு தருவார்கள் என்பதுதான் அது. கூகுள் 2023-ல் பிக்சல் 8-க்கும், சாம்சங் 2024-ல் எஸ் 24-க்கும் ஏழு வருடம் என்று அறிவித்தார்கள். அதெல்லாம் நமக்கு எட்டாத விலை. ஆனால் விலை குறைந்த போன்களிலும் சிலவற்றுக்கு நான்கு வருடம், அதற்கு மேலும் தருகிறார்கள், சிலவற்றுக்கு இரண்டு வருடம்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். 15,000 ரூபாய் போன் ஐந்து வருடம் ஓடினால் வருடத்துக்கு 3,000. 9,000 ரூபாய் போன் இரண்டே வருடத்தில் முடிந்தால் வருடத்துக்கு 4,500. எது மலிவு?

அதேபோல, பழுதானால் உதிரி பாகம் கிடைக்குமா என்று உங்கள் ஊர் ரிப்பேர் கடைத் தம்பியிடம் கேளுங்கள். எந்த போனுக்குத் திரை கிடைக்கும், எதற்குக் கிடைக்காது என்று விற்கிறவரை விட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். விதையை நாமே எடுத்து வைக்கும் உரிமைக்குப் பேசுகிற நாம், வாங்கிய பொருளை நாமே பழுது பார்க்கும் உரிமைக்கும் பேச வேண்டும். பிரான்சில் 2021 முதல் போன் விற்கும்போது 'பழுதுபார்க்க எவ்வளவு எளிது' என்று பத்துக்கு மதிப்பெண் போட்டு ஒட்ட வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். நம் நாட்டிலும் 2022-ல் நுகர்வோர் விவகாரத் துறை இதற்காக ஒரு குழு அமைத்தது. பேட்டரியைத் திறந்து நாமே மாற்றிய காலம் ஒன்று இருந்தது, அது திரும்பி வர வேண்டும்.

என்ன மாடல் வாங்கினேன் என்று எழுதவில்லை. இதழ் உங்கள் கைக்கு வரும்போது அது கடையில் இருக்காது. இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு போனால் உங்களுக்குத் தேவையானது தானே கண்ணில் படும்.

வட்டியில்லாத் தவணை

வங்கிக்காரன் என்ற முறையில் இதை விரிவாகச் சொல்ல வேண்டும். 'நோ காஸ்ட் இஎம்ஐ' என்று கடை வாசலில் எழுதியிருக்கும். வட்டியில்லாமல் எந்த நிதி நிறுவனமும் கடன் கொடுக்காது. பூஜ்ஜிய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கியே 2013-லேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது.

ஓர் உதாரணம். போன் விலை 15,000. ரொக்கமாகக் கொடுத்தால் 1,000 தள்ளுபடி, ஆக 14,000. தவணையில் எடுத்தால் தள்ளுபடி கிடையாது. மாதம் 2,500 வீதம் ஆறு மாதம், மொத்தம் 15,000. அதோடு முதலிலேயே செயல்பாட்டுக் கட்டணம் 199 ரூபாயும், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்து சுமார் 235. மொத்தம் 15,235. அதாவது 14,000 ரூபாய் பொருளுக்கு ஆறு மாதத்தில் 1,235 கூடுதல். மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருவதையும் கணக்கில் எடுத்தால், ஆண்டுக்குச் சுமார் 30 சதவீத வட்டி. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டினால் வட்டியே இல்லை என்கிற மாநிலத்தில், போனுக்கு 30 சதவீதம் கட்டுகிறோம்.

இதை விடப் பெரிய ஆபத்து, தவணை தவறுவது. நமக்கு மாதச் சம்பளம் கிடையாது. அறுவடை தள்ளிப்போனால் தவணை தவறும். 2,500 ரூபாய் தவறினாலும் அது சிபில் பதிவில் ஏறும். அடுத்த வருடம் நகைக்கடனுக்கோ டிராக்டர் கடனுக்கோ போகும்போது அது எதிரில் வந்து நிற்கும். பயிர்க்கடனுக்கு சிபில் பார்க்கக் கூடாது என்று விவசாயச் சங்கங்கள் போராடும் காலத்தில், ஒரு போனுக்காக நாமே போய்ப் பேரைக் கெடுத்துக்கொள்ள வேண்டுமா? தவணை கட்டாவிட்டால் போனைத் தூரத்தில் இருந்தே பூட்டிவிடும் செயலியை உள்ளே போட்டுக் கொடுப்பவர்களும் உண்டு. பூட்டிவிட்டால் உங்கள் ஆர்டரும் பணமும் உள்ளே.

நான் செய்தது இதுதான். மாதம் 1,250 வீதம் அஞ்சலகத்தில் 12 மாதம் சேர்த்தேன். வங்கிச் செயலி எச்சரிக்கை கொடுக்கத் தொடங்கியதுமே சேர்க்க ஆரம்பித்துவிட்டேன். ரொக்கமாகக் கொடுத்து, தள்ளுபடியும் வாங்கிக்கொண்டேன்.

பழசில் இருந்து புதுசுக்கு

போன் மாற்றும் வேலையை ஆர்டர் அனுப்பும் நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள். புதுப் போனில் யுபிஐ தொடங்கியதும் முதல் 24 மணி நேரத்துக்கு அனுப்பும் தொகைக்குச் சில வங்கிகள் 5,000 ரூபாய் போல வரம்பு வைக்கும். ஆள் கூலி கொடுக்க வேண்டிய சனிக்கிழமையில் மாற்றினால் மாட்டிக்கொள்வீர்கள்.

வாட்ஸ்அப்பை மாற்ற இரண்டு போனையும் பக்கத்தில் வைத்து, க்யூஆர் குறியை ஸ்கேன் செய்தாலே பழைய உரையாடல் எல்லாம் நேராக வந்துவிடும். அதன்பின் வாட்ஸ்அப்பில் 'இரண்டு படிச் சரிபார்ப்பு' எண்ணைப் போட்டுவையுங்கள். யுபிஐ பதிய, வங்கியில் கொடுத்த எண்ணின் சிம் புதுப் போனுக்குள் இருக்க வேண்டும், எஸ்எம்எஸ் அனுப்ப ரீசார்ஜும் இருக்க வேண்டும்.

உழவன், மேகதூத், மின்னல் எச்சரிக்கை தரும் தாமினி ஆகிய செயலிகளை ப்ளே ஸ்டோரில் இருந்து மட்டும் இறக்குங்கள். 'பி.எம். கிசான்' என்ற பெயரில் வாட்ஸ்அப் குழுவில் வருகிற ஏபிகே கோப்பைத் தொடவே தொடாதீர்கள். அதைத் திறந்து கணக்கைப் பறிகொடுத்தவர்கள் உண்டு. பணம் போனது தெரிந்த நிமிடமே 1930 எண்ணுக்கு அழைத்து, வங்கிக்கும் எழுத்தில் கொடுங்கள். தவறு நம்முடையதும் வங்கியுடையதும் இல்லாமல் வெளியாள் செய்தது என்றால், மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் நமக்கு இழப்பு இல்லை என்று ரிசர்வ் வங்கி 2017-ல் சுற்றறிக்கை அனுப்பியது.

*#06# என்று அழுத்தினால் வருகிற ஐஎம்இஐ எண்ணை, கிணற்று மோட்டார் ரசீது வைத்திருக்கும் நோட்டிலேயே எழுதி வையுங்கள். போன் தொலைந்தால் அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் இந்த எண்ணைக் கொடுத்து முடக்கிவிடலாம். பழைய போன் வாங்குகிறவர்களும் அங்கேயே அந்த எண்ணைச் சரிபார்த்துவிட்டு வாங்குங்கள், திருட்டுப் போனாக இருந்தால் தெரிந்துவிடும்.

கதிர்வீச்சு பற்றிக் கேட்பவர்களுக்கு

நம் நண்பர்கள் தவறாமல் கேட்பது இது. இந்தியாவில் போனுக்கான எஸ்ஏஆர் அளவு ஒரு கிலோவுக்கு 1.6 வாட்டுக்கு மேல் போகக் கூடாது. *#07# அழுத்தினால் பெரும்பாலான போன்களில் அந்த அளவு தெரியும். சிக்னல் குறைவான இடத்தில் போன் டவரை எட்ட அதிக சக்தியை வெளியிடும். அதனால் சிக்னல் இல்லாத மூலையில் நின்று மணிக்கணக்கில் காதில் வைத்துப் பேசாமல், மேட்டுக்கு வந்து ஸ்பீக்கரில் பேசுங்கள். பேட்டரியும் மிஞ்சும்.

பழைய போனை என்ன செய்வது?

நான் என் பழைய போனில் இருந்து கூகுள் கணக்கை நீக்கி, முழுவதும் அழித்துவிட்டு, வங்கி, யுபிஐ எதுவும் இல்லாமல் வைத்திருக்கிறேன். இப்போது அது வயல் படம் எடுக்கவும், வானொலி கேட்கவும், பாரம்பரிய நெல் பற்றிய ஒலிப்பதிவுகளைக் கேட்கவும் களத்து மேட்டில் இருக்கிறது. எங்கள் வீட்டம்மா அதில்தான் பால் கணக்கு எழுதுகிறார்.

அதுவும் முடியாத நிலை வரும்போது குப்பைக் குழியில் போடாதீர்கள், எரிக்கவும் செய்யாதீர்கள். லித்தியம் பேட்டரி நெருப்பில் வெடிக்கும். உள்ளே இருக்கும் உலோகங்கள் நாம் வருடக்கணக்கில் உயிரூட்டிய மண்ணில் கலக்கும். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் மின்கழிவு விதிகளின்படி, பழைய கருவிகள் முறையாக மறுசுழற்சிக்குப் போவதற்குத் தயாரிப்பாளர்தான் பொறுப்பு. அந்தந்த நிறுவனத்தின் சேவை மையத்தில் கொடுக்கலாம். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய போன்களையும் சார்ஜர்களையும் எடுத்து வாருங்கள். உப்பிய பேட்டரி இருந்தால் மட்டும் முன்பே போனில் சொல்லுங்கள், அதைத் தனியாக மணலில் வைத்துக் கொண்டுவர வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே நடையில் திருவண்ணாமலை கொண்டுபோய்ச் சேவை மையங்களில் கொடுத்துவிடலாம்.